ஐந்து ஆட்டங்களில் ஒரு ரூக்கியை எடைபோட முடியுமா?

கேள்வி: "என்.பி.ஏ. கூடைப்பந்து இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். ஒரு புதுமுக வீரர் முதல் சில ஆட்டங்களில் அசத்தினால் உடனே 'அடுத்த சூப்பர்ஸ்டார்' என்கிறார்கள். அதை எந்த அளவுக்கு நம்பலாம்? விக்டர் வெம்பன்யாமா பெரிய ஆளாக வருவார் என்பது அவருடைய முதல் ஆட்டங்களிலேயே தெரிந்ததா?"

தெரிந்தது. ஆனால் முக்கால்வாசிப் பேர் தேடிய இடத்தில் தெரியவில்லை. புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்தவர்களை வெம்பன்யாமா முதல் இரண்டு மாதமும் குழப்பிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் 38 புள்ளி, ஒரு வாரம் கழித்து 14. அந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவில் மாறாமல் இருந்த ஒன்றைக் கவனித்தவர்களுக்குத்தான் பதில் சீக்கிரம் கிடைத்தது. பள்ளி, கல்லூரி நாட்களில் ஆடியவன், பல வருடங்களாகக் காலையில் எழுந்து என்.பி.ஏ. பார்ப்பவன் என்ற முறையில், நான் ரூக்கிகளை (லீக்கில் முதல் பருவம் ஆடும் புதுமுகங்களை) எப்படிப் பார்க்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அவருடைய பின்னணி. வெம்பன்யாமா 2004 ஜனவரி 4 அன்று பாரிஸ் பக்கத்தில் உள்ள லெ ஷெனேயில் பிறந்தவர். அப்பா மும்முறைத் தாண்டுதல் வீரர், அம்மா கூடைப்பந்து ஆடி, பிறகு பயிற்சியும் கொடுத்தவர். என்.பி.ஏ.வுக்கு வரும்போது 'ரூக்கி' என்று அழைக்கப்பட்டாலும், அவர் கல்லூரியிலிருந்து நேராக வந்த பையன் இல்லை. 2022-23 பருவத்தில் மெட்ரோபாலிட்டன்ஸ் 92 என்ற அணிக்காக, பிரான்ஸின் முதல்நிலை லீக்கில் வளர்ந்த ஆண்களோடு மோதி, ஆட்டத்துக்குச் சராசரியாக 21.6 புள்ளி எடுத்து, அந்த லீக்கின் சிறந்த வீரர் விருதையும் வாங்கிக்கொண்டு வந்தவர். அந்தப் பருவத்தின் தொடக்கத்திலேயே, 2022 அக்டோபரில், லாஸ் வேகாஸில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில் 37 புள்ளி, 7 மூன்று புள்ளி வீச்சு, 5 பிளாக் (எதிராளி எறியும் பந்தைத் தடுப்பது). அன்றிலிருந்தே அமெரிக்காவில் அவரைப் பற்றித்தான் பேச்சு. 7 அடி 4 அங்குல உயரம், இரண்டு கைகளையும் விரித்தால் ஏறக்குறைய 8 அடி. அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஒரு கார்டு (பந்தைக் கொண்டுசெல்லும், பெரும்பாலும் குட்டையான ஆள்) போல டிரிபிள் செய்து (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்ந்து), நின்று மூன்று புள்ளி போடும் ஆளை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதல் ஐந்து ஆட்டங்களைத் தனியாக எடுத்து எடைபோடக் கூடாது. ஐந்து ஆட்டம் என்பது மிகச் சிறிய கணக்கு. இரண்டு மூன்று பந்து வளையத்தில் பட்டு உள்ளே விழுந்ததா வெளியே தெறித்ததா என்பதிலேயே சராசரி தலைகீழாகிவிடும். அதற்கு முன்பு அவர் எங்கே, யாரோடு, எந்த வயதில் என்ன செய்திருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 ஜூன் 22 அன்று சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அவரை டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில்) முதல் ஆளாக எடுத்தபோது, அவர்கள் கையில் அந்தக் கணக்கெல்லாம் இருந்தது.

ஜூலை 7. லாஸ் வேகாஸ் சம்மர் லீக்கில் (பருவத்துக்கு முன் இளம் வீரர்களுக்காக நடக்கும் போட்டியில்) ஸ்பர்ஸ் சட்டையில் முதல் ஆட்டம். 13 முறை கூடையை நோக்கி எறிந்து 2 மட்டும் விழுந்தது. மொத்தம் 9 புள்ளி. 'இவ்வளவு ஆர்ப்பாட்டம் இதுக்குத்தானா' என்று அன்றே ஒரு கூட்டம் முடிவுக்கு வந்துவிட்டது. ஆனால் அதே ஆட்டத்தில் 8 ரீபவுண்ட் (விழாமல் தெறித்த பந்தைப் பிடிப்பது), 5 பிளாக். எனக்கு அன்று நம்பிக்கை வந்ததே அந்த 5 பிளாக்கைப் பார்த்துத்தான். எறியும் கை ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. உலகத்தின் மிகச் சிறந்த ஷூட்டருக்கும் அப்படித்தான். கை வராத நாளில் ஒரு வீரரிடம் என்ன மிஞ்சுகிறது? நான் ரூக்கிகளிடம் முதலில் தேடுவது அதைத்தான். இரண்டு நாள் கழித்து போர்ட்லாண்டுக்கு எதிராக 27 புள்ளி, 12 ரீபவுண்ட் எடுத்தார். நேற்று திட்டியவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அந்த இரண்டு ஆட்டத்திலும் வளையத்துக்குக் கீழே அவர் செய்த வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, பருவத்துக்கு வருவோம். அக்டோபர் 25, டாலஸ் மாவெரிக்ஸுக்கு எதிராக முதல் என்.பி.ஏ. ஆட்டம். ஃபவுல் சிக்கலால் பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. மொத்தமே 23 நிமிடம். 15 புள்ளி, 5 ரீபவுண்ட், 5 டர்னோவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது), 126-119 என்று தோல்வி. எதிரில் லூகா டான்சிச் டிரிபிள் டபுள் (மூன்று கணக்குகளில் பத்து அல்லது அதற்கு மேல்) போட்டார். அக்டோபர் 27, ஹூஸ்டனுக்கு எதிராக 21 புள்ளி, 12 ரீபவுண்ட், ஓவர்டைமில் வெற்றி. அடுத்தது லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ்: 123-83, நாற்பது புள்ளி வித்தியாசத்தில் அடி, வெம்பன்யாமா 11 புள்ளி. அக்டோபர் 31, ஃபீனிக்ஸில் 20 புள்ளி பின்தங்கியிருந்து ஏறி வந்து, கடைசி நொடிகளில் ஸ்பர்ஸின் கெல்டன் ஜான்சன் கெவின் டுரான்டின் கையிலிருந்து பந்தைப் பறித்துப் போட, ஒரே ஒரு புள்ளியில் வெற்றி.

அப்புறம் நவம்பர் 2. அதே ஃபீனிக்ஸ், அதே மைதானம். நமக்கு அது வெள்ளிக்கிழமை காலை. ஸ்பர்ஸ் ஒரு கட்டத்தில் 27 புள்ளி முன்னிலையில் இருந்தார்கள். டுரான்ட், டெவின் புக்கர் இருவரும் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, நான்காவது குவார்ட்டரில் 116-116 என்று சமன் செய்துவிட்டார்கள். இளம் அணிகள் இந்த இடத்தில்தான் உடையும். அன்று ஸ்பர்ஸ் அடுத்த 12 புள்ளியையும் தாங்களே எடுத்தார்கள். அதில் 10 வெம்பன்யாமாவுடையது. ஆட்டம் முடிந்தபோது 38 புள்ளி, 10 ரீபவுண்ட். வயது 19. என்.பி.ஏ.வில் அது அவருடைய ஐந்தாவது ஆட்டம். நான் சத்தமாகக் கத்தி வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு ரூக்கிக்காக நான் அப்படிக் கத்தியதில்லை.

அந்த 38 புள்ளியை நீங்கள் ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் என்று புரிய, பத்து வருடம் பின்னால் போக வேண்டும்.

2013 அக்டோபர் 30. ஃபிலடெல்ஃபியா 76ஏர்ஸ் அணியின் ரூக்கி மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ், தன் முதல் ஆட்டத்திலேயே லெப்ரான் ஜேம்ஸ் இருந்த நடப்புச் சாம்பியன் மயாமி ஹீட்டைச் சந்தித்தார். 22 புள்ளி, 12 அசிஸ்ட் (கூட ஆடுபவர் கூடை போடப் பந்து கொடுப்பது), 7 ரீபவுண்ட், 9 ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது). ஃபிலடெல்ஃபியா ஜெயித்தது. ஒரு அறிமுக ஆட்டம் இதைவிடப் பிரமாதமாக இருக்க முடியுமா என்று தோன்றும். அந்தப் பருவத்தின் சிறந்த ரூக்கி விருதும் அவருக்கே கிடைத்தது. ஆனால் அடுத்த பருவம் முடிவதற்குள், 2015 பிப்ரவரியில், அவரை மில்வாக்கிக்கு மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு அணி அணியாக மாறி, காயங்களோடு போராடி, நட்சத்திரமாக ஆகாமலேயே போனார். நல்ல வீரர்தான், அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அவருடைய அணி அந்த வருடம் வெகு வேகமாக ஆடியது. அவசரமாக ஆடும்போது இரண்டு பக்கத்துக்கும் வாய்ப்புகள் கூடும், எண்களும் கூடவே வீங்கும். அதைவிடப் பெரிய விஷயம், அவர் தூரத்திலிருந்து எறிந்த மூன்று புள்ளி வீச்சுகளில் நூற்றுக்கு 26 அளவில்தான் விழுந்தது. எதிரணிகள் வீடியோவைப் போட்டுப் பார்த்து அதைக் கண்டுபிடித்த பிறகு, அவரைக் காக்கும் ஆள் நான்கு அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டான். எறியட்டும் என்று விட்டுவிட்டு, உள்ளே புகும் வழியை அடைத்தான். அவ்வளவுதான், ஆட்டம் பாதியாகிவிட்டது.

அதே 2013 டிராஃப்டில் 15வது ஆளாக மில்வாக்கி எடுத்த பையன் ஒருவன் இருந்தான். கிரேக்க நாட்டின் இரண்டாம் நிலை லீக்கிலிருந்து வந்தவன், 18 வயது. முதல் பருவத்தில் சராசரி 6.8 புள்ளி. ஆட்டக் குறிப்பை மட்டும் பார்த்தால் கண்ணிலேயே படமாட்டான். யான்னிஸ் ஆன்டெடோகும்போ. 2019, 2020 இரண்டிலும் லீக்கின் மதிப்புமிக்க வீரர், 2021இல் சாம்பியன். அன்று அவரைப் பார்த்தவர்கள் கவனித்தது புள்ளியை அல்ல. மைதானத்தின் பாதியை நாலைந்து எட்டில் கடக்கும் கால்கள், எதிராளி லேஅப் (வளையத்துக்குப் பக்கத்தில் எழும்பிப் போடுவது) போடப்போகும் கடைசி நொடியில் பின்னாலிருந்து வந்து தட்டிவிடும் கை. எதிரணி எத்தனை வீடியோ பார்த்தாலும் அந்தக் கால் நீளத்தை அவரிடமிருந்து எடுத்துவிட முடியாது. கார்ட்டர்-வில்லியம்ஸை ஃபிலடெல்ஃபியா மாற்றிவிட்டபோது அவர் போய்ச் சேர்ந்தது இதே யான்னிஸின் அணிக்கு என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கிறது.

ஆக நான் கேட்டுக்கொள்ளும் இரண்டாவது கேள்வி: எதிரணி இவரைப் படித்து முடித்த பிறகு என்ன மிஞ்சும்? முதல் பத்துப் பதினைந்து ஆட்டங்கள் எந்த ரூக்கிக்கும் ஒரு சலுகைக் காலம். பயிற்சியாளர்களிடம் இன்னும் போதுமான வீடியோ இல்லை. எந்தப் பக்கம் திரும்புவான், நெருக்கினால் பந்தை எங்கே விடுவான் என்று தெரியாது. அந்தக் காலம் முடிந்த பிறகுதான் நிஜமான தேர்வு.

வெம்பன்யாமாவுக்கு அந்தத் தேர்வு நவம்பரில் வந்தது. நல்ல கொடூரமாகவே வந்தது. ஃபீனிக்ஸ் வெற்றியோடு ஸ்பர்ஸ் 3 வெற்றி, 2 தோல்வி. அதன் பிறகு தொடர்ந்து 18 தோல்வி. அந்த அணியின் வரலாற்றிலேயே அவ்வளவு நீளமான தோல்வி வரிசை கிடையாது. டிசம்பர் 15 அன்று லேக்கர்ஸை வென்ற பிறகுதான் மூச்சு வந்தது. நடுவில் நவம்பர் 8 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வெம்பன்யாமா 14 முறை எறிந்து 4 மட்டும் விழுந்தது.

அந்த ஆறு வாரத்தில் எதிரணிகள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் பாடம் மாதிரி இருக்கும். ஒன்று, உடம்பால் இடித்தார்கள். மெலிந்த உடம்பு, இடுப்பில் ஒரு முட்டு கொடுத்தால் அவர் நிற்க நினைத்த இடத்திலிருந்து இரண்டு அடி வெளியே போய்விடுவார், அங்கிருந்து அவசரமாக எறிவார். இன்னொன்று, அவர் டிரிபிள் செய்யும்போது சின்ன ஆள் ஒருவன் கீழே கையை விட்டுப் பந்தைத் தட்டினான். அவ்வளவு உயரமானவர் கையிலிருந்து பந்து தரைக்குப் போய்த் திரும்ப நெடுந்தூரம் வர வேண்டும். அந்த இடைவெளிதான் குட்டையான கார்டுகளுக்கு விருந்து. சொந்த அணியும் அவருக்கு உதவவில்லை. பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச், உயரமான ஃபார்வர்டான ஜெரமி சோஹனைப் பாயிண்ட் கார்டாக (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் ஆளாக) ஆடவைத்து ஒரு சோதனை செய்துகொண்டிருந்தார். சாக் காலின்ஸ் சென்டர், அதாவது வளையத்தடியில் ஆடும் பெரிய ஆள். அதனால் வெம்பன்யாமாவுக்குச் சரியான இடத்தில் சரியான நேரத்தில் பந்து கொடுக்க ஆளில்லை, உள்ளே இடமும் நெருக்கடி. ஒரு ரூக்கியை எடைபோடும்போது அவருக்குப் பந்து கொடுப்பவர் யார் என்று கட்டாயம் பாருங்கள். என்னைக் கேட்டால் அந்தச் சோதனையை ஸ்பர்ஸ் ஒரு மாதம் முன்பே நிறுத்தியிருக்கலாம்.

இவ்வளவுக்கும் நடுவில் என்ன மிஞ்சியது? டிஃபென்ஸ், அதாவது எதிரணியைத் தடுக்கும் வேலை. இதை டிவியில் பார்க்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும், ஏனென்றால் கேமரா பந்தைத்தான் துரத்தும். எதிரணி கார்டு ஒருவன் தன்னைக் காக்கும் ஆளைத் தாண்டி உள்ளே நுழைகிறான். சாதாரணமாக அது நிச்சயம் இரண்டு புள்ளி. இரண்டு எட்டு வைத்தவன் நிமிர்ந்து வெம்பன்யாமாவைப் பார்க்கிறான். அப்படியே பந்தைப் பிடித்துக்கொண்டு வெளியே திரும்பி ஓடிவிடுகிறான். அல்லது வழக்கத்தைவிட ஓரடி மேலே தூக்கிப் போட்டு, அது பலகையில் மோதிப் போகிறது. இதில் எதுவும் பிளாக் கணக்கில் வராது, ஆட்டக் குறிப்பில் ஒரு வரிகூட இருக்காது. ஆனால் முதல் ஐந்து ஆட்டங்களில் இது திரும்பத் திரும்ப நடந்தது. 18 தோல்வியிலும் நடந்தது. நாற்பது புள்ளியில் தோற்ற கிளிப்பர்ஸ் ஆட்டத்திலும் நடந்தது. உங்கள் கேள்விக்கான பதிலை நான் பார்த்தது அங்கேதான்.

டிசம்பரில் பாப்போவிச் அவரைச் சென்டராக மாற்றினார். உடனேயே சிகாகோவுக்கு எதிராக 21 புள்ளி, 20 ரீபவுண்ட். ஜனவரியில் ட்ரே ஜோன்ஸ் என்ற முறையான பாயிண்ட் கார்ட் தொடக்க ஐவரில் வந்தார். அதன் பிறகு நடந்த முன்னேற்றம் கண்கூடானது. ஜனவரி 10, டெட்ராய்ட்டில் வெறும் 21 நிமிடத்தில் 16 புள்ளி, 12 ரீபவுண்ட், 10 அசிஸ்ட். பிப்ரவரி 12, டொரான்டோவில் 27 புள்ளி, 14 ரீபவுண்ட், 10 பிளாக். அதே மாதம் 23, லேக்கர்ஸுக்கு எதிராக 27 புள்ளி, 10 ரீபவுண்ட், 8 அசிஸ்ட், 5 ஸ்டீல், 5 பிளாக்.

இதில் என்னை அதிகம் கவர்ந்தது அசிஸ்ட்தான். நவம்பரில் இரண்டு பேர் சேர்ந்து நெருக்கினால் பந்தை இழந்தவர், பிப்ரவரியில் அந்த இருவருக்கும் மேலாகப் பார்த்துத் தனியாக நிற்கும் மூன்றாம் ஆளுக்குப் போட்டார். தவறு செய்யாத ரூக்கி கிடையாது. முதல் மாதம் செய்த தவறும் நான்காவது மாதம் செய்யும் தவறும் ஒன்றேதானா, அல்லது வேறு, இன்னும் கடினமான தவறா என்று பாருங்கள். ஐந்து ஆட்டத்தில் இது தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாற்பது ஆட்டம் வேண்டும்.

பருவம் முடிந்தபோது 71 ஆட்டம், சராசரி 21.4 புள்ளி, 10.6 ரீபவுண்ட், 3.6 பிளாக். லீக்கிலேயே அதிக பிளாக் அவருடையது. 1985-86இல் மனூட் போலுக்குப் பிறகு ஒரு ரூக்கி அந்தப் பட்டியலில் முதலிடம் வந்தது அதுவே முதல் முறை. சிறந்த ரூக்கி விருது ஒருமனதாக வந்தது. சிறந்த டிஃபென்ஸ் வீரர் வாக்கெடுப்பில் ரூடி கோபேருக்கு அடுத்து இரண்டாமிடம். லீக்கின் முதல் டிஃபென்ஸ் ஐவரில் ஒரு ரூக்கி இடம்பிடித்தது அதற்கு முன் நடந்ததே இல்லை. எறிவதில் அதே அளவு சாதனை என்று சொல்ல முடியாது: மூன்று புள்ளி வீச்சில் நூற்றுக்கு 32.5. ஸ்பர்ஸ் 22 வெற்றி, 60 தோல்வி. ஆக, எண்களை வைத்துப் பார்த்தாலும் முதலில் கைகொடுத்தது டிஃபென்ஸ்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உயரமான ரூக்கிகள் விஷயத்தில் எனக்கு எப்போதும் இருக்கும் பயம் இது. திறமையைவிட உடம்புதான் அவர்களை முதலில் கைவிடும். 2007இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட கிரெக் ஓடன், முழங்கால்களால் மொத்தம் 105 ஆட்டத்தோடு முடிந்துபோனார். யாவ் மிங்கைப் பாதங்கள் 2011இல் ஓய்வுக்குத் தள்ளின. வெம்பன்யாமாவோடு அதே வருடம் ரூக்கியாக ஆடிய ஓக்லஹோமாவின் செட் ஹோல்ம்கிரென், 2022-23 முழுவதையும் பாதக் காயத்தால் இழந்துவிட்டு வந்தவர். அதனால்தான் ஸ்பர்ஸ் அந்த முதல் வருடத்தில் வெம்பன்யாமாவை ஆட்டத்துக்கு 30 நிமிடத்துக்குள் வைத்திருந்தார்கள். 'நன்றாக ஆடும் பையனை ஏன் உட்காரவைக்கிறார்கள்' என்று அப்போது நிறையப் பேர் கோபப்பட்டார்கள். நான் பாப்போவிச் பக்கம். 1987இல் டேவிட் ராபின்சன், 1997இல் டிம் டன்கன் என்று இரண்டு உயரமான ஆட்களை முதல் ஆளாக எடுத்து, இருவரையும் நீண்ட காலம் ஆடவைத்த அணி அது. இத்தனை கவனத்துக்குப் பிறகும் 2025 பிப்ரவரியில் வலது தோளில் ரத்தக்கட்டி கண்டுபிடிக்கப்பட்டு, அவருடைய இரண்டாவது பருவம் 46 ஆட்டத்தோடு நின்றுபோனது. எந்த ஆட்டத்தை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருந்தாலும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

புதிதாகப் பார்க்கிறீர்கள் என்பதால் ஒரு சின்ன வேலை தருகிறேன். ஃபீனிக்ஸ் ஆட்டத்தை எல்லோரும் பார்க்கச் சொல்வார்கள். பாருங்கள், சந்தோஷமாக இருக்கும். அதோடு நியூயார்க் நிக்ஸுக்கு எதிரான இரண்டு ஆட்டங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். முதலாவது 2023 நவம்பர் 8, அந்த 14க்கு 4. அடுத்தது 2024 மார்ச் 29, சான் அன்டோனியோவில். நிக்ஸின் ஜேலன் பிரன்சன் 61 புள்ளி எடுத்தும், வெம்பன்யாமாவின் 40 புள்ளி, 20 ரீபவுண்டோடு ஸ்பர்ஸ் ஓவர்டைமில் 130-126 என்று ஜெயித்தார்கள். இரண்டிலும் அவர் பந்து கையில் இல்லாதபோது எங்கே நிற்கிறார், நிக்ஸ் ஆட்கள் உள்ளே வரும்போது அவரைப் பார்த்து என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். பார்த்துவிட்டு இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று எனக்கு எழுதுங்கள்.